போலீஸ்மேல் கேஸ் போட்டுப் பிழைக்க முடியுமா?

மகள் லா ஸ்கூல் என்றபோது சந்தோஷப்பட்டீர்கள், சிவில் ரைட்ஸ் வழக்கு, அதாவது மக்கள் உரிமையை மீறிய போலீஸ்மேல் கேஸ் போடும் வேலை, என்றதும்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது. நீங்கள் நியூயார்க்கில் இருப்பதால் அந்த ஊர்க் கணக்கையே சொல்கிறேன்.

நகரின் குவீன்ஸ் பகுதியில் போலீஸ் ஒரு கடைக்காரரைக் காரணமில்லாமல் பிடித்து, மணிக்கட்டு வீங்கும்படி விலங்கு மாட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். நடந்தது ஒன்றுதான், கோரிக்கை இரண்டு. 1871-இல் பிறந்து இன்று 1983-ஆம் பிரிவு (ஆண்டல்ல, பிரிவின் எண்) என்று அழைக்கப்படும் ஃபெடரல், அதாவது மத்திய அரசுச் சட்டப்படி, உரிமை மீறல். மாநிலச் சட்டப்படி, தவறான கைது, உடல்தாக்குதல். இரண்டையும் சேர்த்து ஃபெடரல் கோர்ட்டிலேயே போடலாம்.

ஒன்று போதாதா? போதாது. ஃபெடரல் பக்கம் போலீஸ்காரர் அதிகாரிகளுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைக் காட்டி நழுவலாம். நகரத்தைப் பிடிக்க, அதன் கொள்கையோ வழக்கமோதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டும். 1978-இல் சுப்ரீம் கோர்ட் வைத்த நிபந்தனை அது. மாநிலச் சட்டத்தில் ஊழியர் செய்ததற்கு நகரமே பதில் சொல்லும். ஆனால் கெடு கொடுமை: 90 நாளுக்குள் நகரத்துக்கு நோட்டீஸ், ஓராண்டு 90 நாளுக்குள் வழக்கு. ஃபெடரலுக்கு 3 ஆண்டு. அந்த மூன்றை நம்பி எட்டாவது மாதம் வருகிறவருக்குப் மாநிலச் சட்டப்படியான பாதி வழக்கு பெரும்பாலும் கைநழுவியிருக்கும். இதைத் தெரிந்த வக்கீலைத்தான் ஆட்கள் தேடிவருவார்கள்.

சரி, வருமானம்? ஃபெடரல் கோரிக்கையில் ஜெயித்தால் எதிர்த்தரப்பே வக்கீல் ஃபீஸ் கொடுக்கும்படி கோர்ட் சொல்லலாம், 1976-லிருந்து அப்படி. தோற்றால் உழைப்பு போச்சு. கார்ப்பரேட் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள். அதனால் கல்லூரியின் ரேங்கைவிட எவ்வளவு ஸ்காலர்ஷிப் என்று பாருங்கள். அரசிலோ லாபநோக்கமற்ற அமைப்பிலோ வேலை பார்த்தபடி தகுதியான 120 மாதத் தவணை கட்டினால் மிச்ச ஃபெடரல் கல்விக் கடன் தள்ளுபடியாகும் திட்டம் உண்டு. தனியார் அலுவலகத்துக்கு அது கிடையாது.

முதல் வருஷம் சிவில் புரொசீஜரும் (வழக்கு நடத்தும் முறை) டார்ட்ஸும் (ஒருவர் இன்னொருவருக்குச் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்) மாணவர்களுக்குக் கொட்டாவி வரவைக்கும் பாடங்கள். இந்த வேலைக்கு அவைதான் சோறு. ஒரு கோடை விடுமுறையில் வாதிகளுக்கு வாதாடும் அலுவலகத்திலும், அடுத்ததில் நகரத்துக்காக எதிர்வாதம் செய்யும் சட்டத்துறையிலும் அவள் இருந்து பார்க்கட்டும். போலீஸ் தரப்பில் உட்காரமாட்டேன் என்று முறைப்பாள். வழக்கில் ஓட்டை எங்கே என்பது அந்த நாற்காலியில்தான் தெரியும்.

அப்புறம், குவீன்ஸ் வழக்குகள் போகும் ஃபெடரல் கோர்ட் புரூக்ளினில் இருக்கிறது. விசாரணையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒருநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். வேண்டாம் என்று சொல்வதானால் திரும்பிவரும் ரயிலில் சொல்லுங்கள்.