நுகர்வோர் கேள்வி-பதில்: ரேடியஸ் சர்வரும் கைக்கு வராத கோப்புகளும்

கேள்வி: பெண்கள் விடுதி நடத்துகிறேன். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், கடவுச்சொல்லோடு வைஃபை தருவதற்காக 48,000 ரூபாய்க்கு ரேடியஸ் சர்வர் (யாரை இணைப்புக்குள் விடலாம் என்று சரிபார்க்கும் கணினி) வாங்கினேன். விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. ரூட் கடவுச்சொல்லும் (சர்வரின் முழு அதிகாரமும் உள்ள கணக்குக்கானது) தரவில்லை. – திருச்சி வாசகி

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஃப்ரீரேடியஸ்தான். 1999 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள் அது. நிறுவிக் கொடுத்ததற்குக் கூலி வாங்குவதில் தவறில்லை. ஆனால் எந்த ரவுட்டரை நம்பலாம், யாரை உள்ளே விடலாம், எவ்வளவு நேரம் விடலாம் என்பதெல்லாம் எழுதப்பட்டிருப்பது கான்ஃபிகரேஷன் கோப்புகளில். நீங்கள் பணம் கொடுத்தது அந்த வேலைக்குத்தான். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, வாங்கியவரைத் தன் வாசலிலேயே நிற்க வைக்கும் இந்த வழக்கத்தைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. என் வீட்டுக் கண்காணிப்புக் கேமராப் பெட்டியிலும் இதையே செய்தார்கள். கடவுச்சொல்லைக் கேட்டால் வருடாந்திரப் பராமரிப்புப் பணம் கட்டச் சொன்னார்கள். கடைசியில் பதிவுகளையெல்லாம் அழித்துத்தான் அதை மீட்க முடிந்தது.

உங்கள் பெட்டியை அழிக்க வேண்டியதில்லை. வட்டு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படவில்லையென்றால், லினக்ஸ் தெரிந்த ஒருவர் நேரில் வந்து ரூட் கடவுச்சொல்லை மாற்றிவிடுவார். மாற்றியதும் ஃப்ரீரேடியஸ் அடைவு (ஃபோல்டர்) முழுவதையும் டார் கோப்பாக, அதாவது ஒரே பொதியாகக் கட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பென் டிரைவுக்கு அப்படியே இழுத்துப் போட்டால், இயங்கும் பகுதிகளைச் சுட்டும் இணைப்புகள் பெரும்பாலும் தொலைந்துவிடும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். வாங்கி 2 ஆண்டுகள் ஆவதற்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வணிகத்துக்காக வாங்கினீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். விடுதியை நீங்களே நடத்திப் பிழைக்கிறீர்கள் என்றால், சுயதொழில், வாழ்வாதாரம் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

கேள்வி: இணையத்தில் 1,500 ரூபாய்க்கு ‘தயார் நிலைக் கோப்புகள்’ வாங்கினேன். சர்வர் ஏற்க மறுக்கிறது. – ஈரோடு

பதில்: ஃப்ரீரேடியஸின் இரண்டாம் பதிப்புக்கு எழுதியதை மூன்றாம் பதிப்பில் அப்படியே போட முடியாது. மென்பொருளோடு வரும் கோப்புகளிலேயே ஒவ்வொரு அமைப்புக்கும் விளக்கம் இருக்கிறது. இலவசமாக.

கேள்வி: பயனர் கோப்பில் ஒரு மாணவரின் பெயரைச் சேர்த்தேன். அதன்பின் சர்வரே எழவில்லை. வந்து பார்க்க 3,000 ரூபாய் கேட்கிறார்கள். – மதுரை, கல்லூரி ஊழியர்

பதில்: கொடுக்காதீர்கள். பெயர் வரியின் இடது ஓரத்தில் தொடங்க வேண்டும். கடவுச்சொல்லும் மற்ற நிபந்தனைகளும் அதே வரியில் வரும். பயனருக்கு அனுப்பும் பதில்கள் அடுத்த வரிகளில், சற்று உள்தள்ளி வர வேண்டும். அந்தப் பதில் வரிகளில் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றின் முடிவிலும் கமா இருக்க வேண்டும். கடவுச்சொல்லுக்கு முன் := போடுங்கள், == அல்ல. சர்வரைப் பெரிய எழுத்து எக்ஸ் தெரிவோடு (-X) இயக்கினால், பிழை எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் என்று அதுவே சொல்லும். நகல் எடுக்காமல் ஓடுகிற சர்வரில் கை வைத்ததற்கு என்னிடம் அனுதாபம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் எல்லா ரவுட்டர்களும் ரேடியஸ் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் ரகசியச் சொல் ‘டெஸ்டிங்123’. எல்லா வாடிக்கையாளருக்கும் இதுதான் என்கிறார் விற்றவர். – சேலம்

பதில்: அது சோதித்துப் பார்க்க மென்பொருளோடு வரும் சொல், உலகத்துக்கே தெரியும். ஒவ்வொரு ரவுட்டருக்கும் வெவ்வேறு நீண்ட சொல்லாக இன்றே மாற்றுங்கள். பராமரிப்புப் பணம் கட்டுகிறீர்களா? 2024 ஜூலையில் ரேடியஸ் நெறிமுறையிலேயே பெரிய ஓட்டை ஒன்று வெளியானது. அதை அடைக்கும் வசதி வந்தது ஃப்ரீரேடியஸ் 3.2.5 பதிப்பில். உங்கள் சர்வர் அதைவிடப் பழையதென்றால், அடுத்த தவணையைக் கட்டுவதற்கு முன் அவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.