வளைவில் கவிழும் ரயிலும் இரண்டு குமிழ் இடைவெளியும்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்:

"மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். பதினொரு வயது. பெட்டி நிறைய லெகோ கட்டைகள், ஒரு சுற்றுத் தண்டவாளம், மனித பொம்மைகள் எல்லாம் கொண்டுவந்தான். 'ஆயா, ஊட்டி ரயில் மாதிரி சின்ன ரயில் செய்யலாம்' என்று என்னையும் உட்காரவைத்துவிட்டான். கட்டையின் மேலே புடைத்திருக்கும் குமிழைக் கணக்கு வைத்து, 8 குமிழ் அகலம், 28 குமிழ் நீளத்தில் ஒரு பெட்டி கட்டினோம். பார்க்க அழகு; ஆனால் சின்ன ரயில் போலவே இல்லை. வளைவு வந்தால் தடம் புரண்டு கவிழ்கிறது. கொக்கியைப் பெட்டியின் அடித்தகட்டில் மாட்டியிருக்கிறோம். அகலத்தைக் குறைத்தால் பொம்மை உள்ளே உட்கார மாட்டேன் என்கிறது. எங்கே தவறு? வளவுத் தரையில் ஓட்டலாமா?"

ஆச்சி, நீங்கள் கேட்டதில் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 'சின்ன ரயில் போல இல்லை' என்பது அளவுச் சிக்கல். 'கவிழ்கிறது' என்பது கொக்கிச் சிக்கல். தனித்தனியாகப் பிரித்தால் இரண்டுமே தீரும்.

அளவை முதலில் பார்ப்போம். குறுகிய பாதை ரயில் என்பது பெரிய ரயிலை எல்லாப் பக்கமும் சுருக்கியது அல்ல. டார்ஜிலிங் ரயிலில் ஏறுகிறவரும் காரைக்குடியில் ராமேசுவரம் வண்டி ஏறுகிறவரும் ஒரே உயரம்தான். இருக்கை அளவும் கதவின் உயரமும் ஆளை ஒட்டியே அமையும். சுருங்குவது தண்டவாளங்களுக்கு இடையே உள்ள இடைவெளி; அதற்கேற்ப வண்டியின் நீளமும் அகலமும் ஓரளவு குறையும். நீங்கள் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியைச் சுருக்கினீர்கள். அதனால்தான் பொம்மைக்கு இடமில்லாமல் போனது. சுருக்க வேண்டியது தண்டவாளத்தை.

இன்னொன்றையும் பேரனிடம் சொல்லிவிடுங்கள். ஊட்டி ரயில் குறுகிய பாதை ரயில் அல்ல. அது மீட்டர் கேஜ், அதாவது 1000 மில்லிமீட்டர். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் போன பழைய வண்டியின் பாதையும் அதே அகலம்தான். நீங்களே அதில் போயிருக்கக்கூடும். உண்மையான குறுகிய பாதைகள் வேறு: கால்கா–சிம்லா 762 மில்லிமீட்டர், டார்ஜிலிங் 610 மில்லிமீட்டர். நமக்கு அருகே மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் 610 தான். 1924 வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. இப்போது நம் ஊர்களில் ஓடும் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர்.

இனி கணக்கு. கையில் ஒரு அளவுகோல் போதும். லெகோ கட்டையில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6, தகட்டின் உயரம் 3.2. பேரன் கொண்டுவந்த சாதாரணத் தண்டவாளத்தின் உள் இடைவெளி ஏறத்தாழ 37.5 மில்லிமீட்டர். அதை நம் அகலப் பாதை என்று வைத்துக்கொண்டால் நிஜத்தில் 45-ல் ஒரு பங்கு வருகிறது. மனித பொம்மை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். அதை 45-ஆல் பெருக்கினால் 180 சென்டிமீட்டர், நல்ல உயரமான ஆள். தண்டவாளமும் ஆளும் ஒரே விகிதத்தில் பொருந்துகிறார்கள். இந்த 45-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா அளவும் இதிலிருந்து வரும்.

762-ஐ 45-ஆல் வகுத்தால் 17 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு குமிழ். 1000-ஐ வகுத்தால் 22, கிட்டத்தட்ட மூன்று குமிழ். ஆக, சிம்லா ரயிலுக்கு இரண்டு குமிழ் இடைவெளி, ஊட்டி ரயிலுக்கும் பழைய திருவாரூர் வண்டிக்கும் மூன்று குமிழ். அகலப் பாதைப் பெட்டியின் நிஜ அகலம் 3.25 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் விகிதத்தில் 9 குமிழ். நீங்கள் கட்டிய 8 குமிழ்ப் பெட்டி கிட்டத்தட்ட ஒரு எக்ஸ்பிரஸ் பெட்டிதான். அது சின்ன ரயிலாகத் தெரியாதது உங்கள் கைவேலையின் குறையே அல்ல.

குறுகிய பாதைப் பெட்டிக்கு 6 குமிழ் அகலம் வையுங்கள். உட்காரும் பொம்மையின் காலுக்கு 2 குமிழ் வேண்டும். இருபுறமும் கைக்கு இடம் விட்டால் 4, இருபுறச் சுவருக்கு ஒவ்வொன்று. இரண்டு குமிழ் இடைவெளியின் மேல் ஆறு குமிழ் உடம்பு: தண்டவாளத்தைப் போல மூன்று மடங்கு. நிஜ அகலப் பாதையில் இந்த விகிதம் இரண்டு மடங்கைக்கூடத் தொடாது. ஒல்லிக் கால்களின் மேல் பெரிய உடம்பு அசைந்து வருகிற அந்தத் தோற்றம்தான் 'சின்ன ரயில்' என்று கண்ணுக்குச் சொல்கிறது. இதை விட்டுவிட்டு நிறத்திலும் புகைபோக்கியிலும் எவ்வளவு பாடுபட்டாலும் பயனில்லை.

இந்தக் குறுகிய தண்டவாளத்துக்கு எங்கே போவது? லெகோவின் சுரங்க வண்டித் தொகுப்புகள் சிலவற்றில் குறுகிய தண்டவாளமும் அதற்கேற்ற சிறு சக்கரங்களும் வந்திருக்கின்றன. பழைய உதிரியாகத் தேடினால் கிடைக்கும். வந்ததும் உள் இடைவெளியை அளந்து 45-ஆல் பெருக்கி, எந்தப் பாதைக்கு அருகே நிற்கிறது என்று பாருங்கள். நேர்ப்பாதையை மட்டும் நீங்களே கட்டலாம்: பழுப்புத் தகடுகளைக் குறுக்குக் கட்டையாக அடுக்கி, அதன் மேல் குமிழில்லாத ஒரு குமிழ் அகலத் தகடுகளை இரு வரிசையாகப் பதித்தால் தண்டவாளம். வளைவை அப்படிக் கட்ட முயல வேண்டாம். விளிம்புச் சக்கரம் ஒவ்வொரு மூட்டிலும் சிக்கும்.

சாதாரணத் தண்டவாளத்திலேயே குறுகிய பாதை செய்ய இன்னொரு வழியும் உண்டு. 37.5 மில்லிமீட்டரை 762 என்று கொண்டால் விகிதம் 20-ல் ஒன்று. அப்போது ஆள் எட்டரை சென்டிமீட்டர் உயரம்; அவரையும் கட்டையில்தான் கட்ட வேண்டும். பெட்டி 14 குமிழ் அகலம் வரும். பிரமாதமாக இருக்கும். ஆனால் கட்டை மளமளவென்று தீரும், பேரனின் பொம்மைகள் வெளியே நிற்கும். ஒரு பெட்டிக் கட்டைக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

இப்போது கவிழ்தல். பேரனின் தண்டவாள வளைவுக்கு ஆரம் 40 குமிழ், அதாவது 320 மில்லிமீட்டர். நேரான பெட்டி வளைவில் நிற்கும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமாகவும் இரு முனைகளும் வெளிப்பக்கமாகவும் விலகும். எவ்வளவு என்பதற்குச் சுலபமான வாய்பாடு உண்டு. போகி என்று நான் சொல்வது பெட்டியை அல்ல, பெட்டியின் அடியில் தனியே திரும்பும் சக்கரத் தொகுதியை. இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் நடுப்பகுதியின் விலகல். போகிகள் 16 குமிழ் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால் 128 × 128 ÷ 2560, அதாவது 6.4 மில்லிமீட்டர். முனைக்கு, பெட்டி நீளத்தின் வர்க்கத்திலிருந்து போகித் தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து அதே 2560-ஆல் வகுக்க வேண்டும். 28 குமிழ்ப் பெட்டிக்கு அது 13 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது.

அந்த முனையில்தான் நீங்கள் கொக்கியை மாட்டியிருக்கிறீர்கள். என்ஜின் இழுக்கும்போது தண்டவாளத்தை விட்டு 13 மில்லிமீட்டர் வெளியே நின்று பக்கவாட்டில் இழுக்கிறது, பெட்டி சாய்கிறது. கொக்கியைக் கழற்றிப் போகியிலேயே மாட்டுங்கள். போகி வளைவோடு திரும்பும், கொக்கியும் கூடவே திரும்பும், இழுவை தண்டவாளத்தின் நடுவிலேயே இருக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பின் உங்கள் 8 குமிழ்ப் பெட்டியே ஓடக்கூடும், அதைப் பிரித்துவிடாதீர்கள். இடப்பக்க வளைவை அடுத்து உடனே வலப்பக்க வளைவு வைத்திருந்தால் நடுவில் ஒரு நேர்த்துண்டு போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகள் எதிரெதிராக விலகி, 26 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று தள்ளும்.

குறுகிய பாதை ரயில் வீட்டுக்குள் வைக்க ஏன் இவ்வளவு பொருத்தம் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் இந்த வளைவுதான். நம் அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். 45-ல் ஒரு பங்காக்கினால் ஏறத்தாழ 3.9 மீட்டர். ஒரு அரைவட்டத்துக்கே கல்யாண வளவு முழுவதும் வேண்டும். டார்ஜிலிங் பாதையின் மிகக் கூர்மையான வளைவோ ஏறத்தாழ 18 மீட்டர் ஆரம். நம் விகிதத்தில் 40 சென்டிமீட்டர். பொம்மை வளைவு 32. கிட்டத்தட்ட நிஜம்! வேறு எந்த ரயிலையும் இவ்வளவு உண்மையாக ஒரு மேசைமேல் வைக்க முடியாது.

ஆகவே முதல் வண்டியை நீளமாகக் கட்டாதீர்கள். 14 குமிழ் நீளம், நான்கே சக்கரம், சக்கரங்களுக்கு இடையே 6 குமிழ். அதே 320 ஆரத்தில் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட விலகாது, முனையில் 4 மில்லிமீட்டர்தான். இவ்வளவு குட்டை வண்டிக்குப் போகி வேண்டாம். கொக்கி மட்டும் இடவலம் அசைய வேண்டும். குறுகிய தண்டவாளத்தின் வளைவு இன்னும் கூர்மையாக இருந்தால் வாய்பாட்டில் அந்த ஆரத்தைப் போட்டுப் பாருங்கள். பேரனுக்கு இந்தக் கணக்கைத் தாளில் போடக் கொடுங்கள். போட்ட விடையைத் தண்டவாளத்தின் மேலேயே அளந்து பார்க்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

ஒல்லிக் கால், பெரிய உடம்பு என்றால் கனம் கீழே இருந்தாக வேண்டும். என் வழக்கம், பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம். 9 கிராம் எடை, 23 மில்லிமீட்டர் விட்டம். மூன்றுக்கு மூன்று குமிழ் குழி 24 மில்லிமீட்டர், அளவெடுத்தாற்போல உட்காரும். குழியின் தரையில் குமிழில்லாத தகடு போட்டால் ஒரு கட்டை உயரத்தில் மூன்று நாணயங்கள் அடங்கும்: 27 கிராம், சக்கரத்துக்கு நேர் மேலே. கூரையைத் தகட்டால் மட்டும் மெல்லியதாகப் போடுங்கள். கூரைக்குக் கட்டை ஆகாது.

கட்டும்போது ஒரு தொல்லை வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். இரண்டு குமிழ் இடைவெளி இரட்டைப்படை; அதன் மேல் 4, 6 குமிழ் உடம்பு நடுவில் உட்காரும். மூன்று குமிழ் இடைவெளி ஒற்றைப்படை. அதன் மேல் 6 குமிழ்ப் பெட்டி வைத்தால் அரைக் குமிழ் ஒரு பக்கம் தள்ளும். இதற்கென்றே இரண்டு குமிழ் நீளத் தகட்டின் நடுவில் ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள துண்டு இருக்கிறது. பெட்டிக்குள் தேடுங்கள், நிச்சயம் சில கிடக்கும். பக்கவாட்டில் கட்டுவதற்கு இன்னொரு அளவு: ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், சரியாக இரண்டு குமிழ். பெட்டிச் சுவரில் நெடுக்குப் பலகை வரி காட்டவும் கொதிகலனை உருட்டவும் இது இல்லாமல் முடியாது.

பேரன் ஊட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அந்த மூன்று குமிழ் இடைவெளி அவனுக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறது. ஊட்டிப் பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் ஓடுகிறது. என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. மூன்று குமிழின் நடுக் குமிழ் வரிசையில் லெகோவின் ஒரு குமிழ் அகலப் பல்சட்டம் கச்சிதமாகப் படுக்கும். நிஜத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். 16 குமிழ் நீளத்துக்கு ஒரு கட்டை உயரம் ஏற்றினால் அதற்குச் சற்றே குறைந்த சரிவு. தொடங்க அது போதும். ஆனால் அந்த என்ஜினுக்கு எட்டு இயக்கச் சக்கரங்கள். முதல் வேலையாக அதில் கைவைக்க வேண்டாம். டார்ஜிலிங்கில் 1889 முதல் ஓடும் பி வகை என்ஜினுக்கு நான்கே சக்கரம், தண்ணீர்த் தொட்டி கொதிகலன் முதுகிலேயே. பழகுவதற்கு அதுவே நல்லது.

மோட்டார் பற்றி நீங்கள் கேட்கவில்லை; பேரன் கேட்பான். லெகோவின் ரயில் மோட்டார் சாதாரணத் தண்டவாளத்துக்கானது. குறுகிய பாதைக்கு இப்போதைக்குக் கையால் தள்ளுவதே என் ஆலோசனை.

சுவர் எழுப்பும் முன் அடிச்சட்டம், சக்கரம், கொக்கி, நாணயம் இவற்றோடு மட்டும் முழுச் சுற்றும் ஓட்டிப் பாருங்கள். முன்னோக்கி இழுத்தும், பின்னோக்கித் தள்ளியும். இரண்டிலும் புரளாமல் ஓடினால்தான் சுவர்.

வளவுத் தரையில் ஓட்டலாம். சாதாரணத் தண்டவாளத்தில் 16 வளைவுத் துண்டுகள் சேர்ந்த முழு வட்டத்துக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் வேண்டும். எட்டங்குல ஆத்தங்குடிக் கல்லானால் நான்குக்கு நான்கு கல். ஆனால் அந்தக் கல்லின் வழவழப்பில் தண்டவாளம் நகர்ந்து மூட்டு விடும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வீடானால், அந்தப் பிசுக்கு மோட்டார் சக்கரத்தின் ரப்பர் வளையத்தில் ஏறி வழுக்கும். ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு அதன் மேல் தண்டவாளத்தைப் பொருத்துங்கள். பாய் வேண்டாம், கோரையின் மேடுபள்ளம் சிறு சக்கரத்துக்கு ஆகாது. பலகையைத் தூண்களுக்கு உள்பக்கம், நிழலில் வையுங்கள். வானம் பார்த்த முற்றத்தில் நாள் முழுதும் வெயிலில் கிடந்தால் வெள்ளைக் கட்டையும் சாம்பல் கட்டையும் மஞ்சளித்துப்போகும்.