இளநீரைப் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள்

கேள்வி: சீனாவிலிருந்து இயந்திரங்களும் உதிரிபாகங்களும் இறக்குமதி செய்கிறேன். ‘இந்திய–சீன எல்லையில் பதற்றம் தணிகிறது’ என்று அவ்வப்போது செய்தி வருகிறது. எதை நம்பிப் பெரிய ஆர்டர் கொடுப்பது?

பதில்: தலைவர்களின் புகைப்படத்தை நம்பி வேண்டாம். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். எட்டே மாதத்தில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள்.

அன்றிரவு தடிகளாலும் கற்களாலும் அடித்துக்கொண்டார்களே தவிர, யாரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை. இரு படைகளையும் பிரிக்கும் நடைமுறை எல்லையான அசல் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று 1996-இல் போட்ட ஒப்பந்தம் அந்த வெறியிலும் ஓரளவு நின்றது. அது மட்டும் இல்லாதிருந்தால் கைகலப்பு போராகியிருக்கும் என்பது என் கணிப்பு.

செய்தியில் வரும் சொற்களைப் பிரித்துப் படியுங்கள். ‘படை விலக்கல்’ என்றால் முகத்துக்கு முகம் நின்றவர்கள் சற்றுப் பின்வாங்கினார்கள், அவ்வளவுதான். லடாக்கின் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் 2024 அக்டோபரில் நடந்தது இதுதான்; அந்தத் தீபாவளிக்கு இரு தரப்பு வீரர்களும் இனிப்புகூடப் பரிமாறிக்கொண்டார்கள். ‘படைக் குறைப்பு’ வேறு. கூடுதலாகக் கொண்டுவந்து குவித்த துருப்புகளையும் பீரங்கிகளையும் பழைய முகாம்களுக்கே திருப்பி அனுப்புவது அது. 2025 ஆகஸ்டில் நம் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவலும் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீயும் டெல்லியில் சந்தித்தபோதுகூட, அதை எந்த முறையில் செய்வது என்று பேசத்தான் ஒப்புக்கொண்டார்கள். எல்லையை வரையறுப்பது இன்னும் தொலைவில் இருக்கிறது.

உங்கள் தொழிலுக்கு வருவோம். கல்வானுக்குப் பிறகும் இரு நாட்டு வர்த்தகம் ஏறத்தான் செய்தது. அடி விழுந்தது வேறு இடங்களில். 2020 ஜூனில் துறைமுகங்களில் சீனச் சரக்குகள் கூடுதல் சோதனைக்காகத் தேங்கின. அப்போது அதைவிடப் பெரிய தலைவலியாக இருந்தது விசா. இயந்திரம் வந்து இறங்கிவிடும்; பொருத்தித் தர வேண்டிய சீனத் தொழில்நுட்பர் வர முடியாது. பெட்டி பிரிக்காமலே தூசி படியும்.

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியவை சாதாரணச் செய்திகள்தான். 2025 ஜூலையில் சீனர்களுக்குச் சுற்றுலா விசா மீண்டும் திறந்தது. அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோ நேரடி விமானம் பறந்தது. உச்சிமாநாட்டு அறிக்கையைவிட இவை எனக்கு நம்பகமானவை. இவற்றை நிறுத்தினால் உடனே வெளியே தெரிந்துவிடும்.

அதேசமயம், 2025 ஏப்ரலில் மோட்டார்களில் பயன்படும் அரியமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததற்கும் லடாக்குக்கும் தொடர்பே இல்லை. எல்லை அமைதியாக இருந்தாலும் சரக்கு நிற்கலாம். மாற்றுச் சப்ளையர் ஒருவரைக் கைவசம் வைத்திருங்கள். பெரிய இயந்திரமென்றால், பொருத்த வருபவரின் விசா கைக்கு வந்த பிறகே பாக்கித் தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.