கேம்பஸ் வாசலில் கடை, மாடியில் ஆபீஸ்: ஓஎம்ஆர் கேள்வி பதில்

கட்டடத்துக்கு பிளான் போடுவது, கட்டிய இடத்தை வாடகைக்கு விட்டுக் கொடுப்பது, இரண்டும் என் பிழைப்பு. இருபது வருஷத்துக்கு மேல் சென்னையின் இதே ஓஎம்ஆரில்தான், அதாவது ஐடி கம்பெனிகள் நிற்கும் பழைய மாமல்லபுரம் சாலையில்தான். ஐடி கேம்பஸ் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்களும் கடை தேடுபவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். பங்காளிச் சண்டை, பத்திர வில்லங்கம் கேட்டவர்கள் வக்கீலைப் பாருங்கள்.

படூர், நில உரிமையாளர்: சார், சிறுசேரி சிப்காட் தொழில் பூங்கா பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. எதிரே பெரிய கேம்பஸ். உள்ளே ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். பத்தில் ஒருவர் வந்தாலே போதுமே, கீழே கடை, மேலே ஆபீஸ் என்று கட்டலாமா? ஆர்க்கிடெக்ட் போட்ட ஸ்கெட்சும் அனுப்பியிருக்கிறேன்.

அந்த "பத்தில் ஒருவர்" கணக்கைக் கிழித்துப் போடுங்கள். கேம்பஸுக்குள் எத்தனை தலை என்பது கம்பெனிக்குத்தான் உதவும். உங்களுக்கு வேண்டியது கேட்டைத் தாண்டி நடந்து வரும் கால்கள். உள்ளேயே ஃபுட் கோர்ட், ஏடிஎம், மருந்துக்கடை எல்லாம் வைத்துவிடுகிறார்கள். கம்பெனி பஸ் கேட்டுக்குள் போய் ஆளை இறக்கி, சாயங்காலம் அங்கேயே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். தாம்பரத்திலிருந்து வருபவர் வருஷக்கணக்கில் உங்கள் கடையைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாரே தவிர உள்ளே கால் வைக்க மாட்டார்.

ஒரு பையனை ஸ்டூல் போட்டு கேட் எதிரே உட்கார வையுங்கள். கையில் நோட்டும் பேனாவும் போதும். பகல் 12 முதல் 2:30 வரை, பிறகு 4 முதல் 8 வரை, நடந்து வெளியே வருபவர்களை ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணட்டும். செவ்வாய் அல்லது புதனில் ஒரு நாள், வெள்ளியில் ஒரு நாள், சனியில் ஒரு நாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஆபீஸ் வருகிற வழக்கம் வந்தபிறகு வெள்ளிக்கிழமை நோட்டைப் பார்த்தால் அழுகை வரும். நான் ஒரு தடவை இப்படி எண்ணியபோது பாதிப் பேர் டீக்கடைக்கும், மீதிப் பேர் பிஜி ஹாஸ்டலுக்கும் போனார்கள். துணிக்கடைப் பக்கம் திரும்பினவர்களை எண்ண ஒரு கை விரல் போதுமானதாக இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், மால் வேண்டாம். சின்னச் சின்னக் கடைகளாக, டீ, டிபன், மருந்து, மொபைல் ரிப்பேர், சலூன், இஸ்திரி, மாவு விற்கும் மளிகை. சனி ஞாயிறில் உங்களைக் காப்பாற்றப் போவது கேம்பஸ் கிடையாது, பின்னால் இருக்கிற அபார்ட்மென்ட்டும் ஹாஸ்டலும்தான். அங்கிருந்து நடந்து வர வழி இருக்கிறதா, நடுவில் காம்பவுண்டுச் சுவர் மறிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவரே: எவ்வளவு சதுர அடி கட்டலாம்?

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, நம்ம கணக்கில் 18 கிரவுண்டும் கொஞ்சமும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்துக்குள் நின்றால் தளப் பரப்புக் குறியீடு (எஃப்எஸ்ஐ) 2, நிலத்தைப் போல இரண்டு மடங்கு தளம் கட்டலாம். அதாவது 87,120 சதுர அடி. அதற்கு மேலே உயரமாகப் போய் 3.25 வாங்க 18 மீட்டர், அதாவது சுமார் அறுபது அடி அகலச் சாலை வேண்டும். "ரெக்கார்டில் அறுபது அடி ரோடு சார்" என்பார்கள். டேப் பிடித்தால் ஐம்பத்திரண்டு இருக்கும், பாக்கி எட்டடியில் யாரோ ஷெட் போட்டிருப்பார். நீங்களே போய் அளந்து பாருங்கள்.

உங்கள் இடம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் பத்து சதவீதம் திறந்தவெளி விட வேண்டும், அல்லது அதற்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். பணம் கட்டித் தப்பிக்கிற வசதி 10,000 சதுர மீட்டர் வரைதான், கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ந்து மூன்று ஏக்கராகச் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அப்போது நிலமாகவே தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தக் கட்டுமானம் 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்து உட்காரும். ஒரு ஏக்கரோடு நிறுத்திக்கொண்டால் நிம்மதி என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. கட்டலாம் என்று இருப்பதை எல்லாம் கட்டியே தீர வேண்டுமென்று யார் சொன்னது? மூன்றாவது மாடி ஆபீஸ் இரண்டு வருஷம் காலியாகக் கிடந்தால் பேங்க் வட்டி யார் தலையில்? அஸ்திவாரத்தையும் தூண்களையும் முழு உயரத்துக்குப் போட்டுவிட்டு, முதலில் தரைத்தளமும் இரண்டு மாடியும் எழுப்புங்கள்.

பெருங்குடி, கட்டட கான்ட்ராக்டர்: கீழே ஹோட்டல், மேலே ஆபீஸ். ஒரே லிஃப்ட், ஒரே வாசல் வைத்தால் செலவு குறையுமே?

குறையும். ஆறு மாதத்தில் ஆபீஸ்காரர் காலி பண்ணிக்கொண்டு போவார்.

என் தப்பையே சொல்கிறேன். பல வருஷம் முன்னால் நான் பிளான் போட்ட ஒரு கட்டடத்தில் கீழே பிரியாணிக் கடை வரும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமையல் புகை மேலே போக மொட்டை மாடி வரை தனிப் புகைக்குழாய் விடவில்லை. கடைக்காரர் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்தார். அது நேராக முதல் மாடி ஏசி உறிஞ்சும் இடத்துக்கு அடித்தது. பதினொன்றரை மணிக்கு தாளிக்கிற வாசனை மீட்டிங் ரூமுக்கே வரும். முதல் வாரம் சிரித்தார்கள், மூன்றாவது வாரம் நோட்டீஸ் வந்தது. அதோடு விட்டதா? எண்ணெய்க் கசடைப் பிடிக்கும் தொட்டி இல்லாமல் பாத்திரம் கழுவிய தண்ணீர் நேராகக் கழிவு லைனில் போய், எண்ணெய் உறைந்து குழாய் அடைத்து, தீபாவளிக்கு முதல் நாள் லிஃப்ட் வாசலில் பொங்கியது. சுவரை உடைத்துக் குழாய் மாற்றிய செலவில் பாதியை நான் கொடுத்தேன்.

ஆகவே எந்தக் கடை வரும் என்று தெரியாவிட்டாலும் இரண்டு கடைக்காவது புகைக்குழாய் வழி, கசடுத் தொட்டி, கூடுதல் கரன்ட் லோடு, சிலிண்டர் வைக்க வெளியறை, எல்லாம் முதலிலேயே வரைந்துவிடுங்கள். ஆபீஸுக்குத் தனி வாசல், தனி லிஃப்ட். கம்பெனி ஆள் கார்டு தட்டி உள்ளே போகிற வழியில் காய்கறி மூட்டை இறங்கக் கூடாது. மீட்டரும் கடைக்குக் கடை தனி. பில்லைப் பங்கு போடுகிற பஞ்சாயத்தை விட அது மலிவு.

செம்மஞ்சேரி, இல்லத்தரசி: ஐயா, மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பக்கத்தில் கடை காம்ப்ளெக்ஸ் வரப் போகிறது என்கிறார்கள். அவர்கள் தரையை உயர்த்தினால் தண்ணீர் எங்கள் பக்கம்தானே வரும்?

வரும் அம்மா. உங்கள் பயம் நியாயமானது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும் வெள்ளம் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி கோவளம் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். நடுவில் யார் மண் கொட்டி மேடாக்கினாலும் தண்ணீர் அடுத்த பள்ளத்தைத் தேடும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்தோமே. பிளானில் மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். வெறுமனே "ரோட்டுக் கால்வாய்" என்று எழுதியிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

நிலம் வாங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். பட்டாவை மட்டும் பார்க்காமல் எஃப்எம்பி என்ற புல வரைபடம், நிலம் என்ன வகை என்று காட்டும் ஏ-ரிஜிஸ்டர் என்ற வருவாய்த்துறைப் பதிவேடு, இரண்டையும் எடுங்கள். சர்வே எண் பக்கத்தில் தாங்கல், வாய்க்கால், கழுவெளி என்ற வார்த்தை இருந்தால் அது தண்ணீரின் இடம், அங்கேயே நில்லுங்கள். பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. கால்வாய் ஓரமென்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் பாயும். அதற்குப் பிறகு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "மிக்ஜாம் அப்போ தண்ணி எதுவரை?" என்று கேளுங்கள். தொடையிலோ இடுப்பிலோ கை வைத்துக் காட்டுவார். அந்தக் கைக்கு ஓரடி மேலே உங்கள் தரைமட்டம் இருக்கட்டும்.

படூர்க்காரரே, உங்கள் ஸ்கெட்சில் டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் பேஸ்மென்ட்டில் இருக்கின்றன. இரண்டையும் மேலே ஏற்றுங்கள்.

துரைப்பாக்கம், புரோக்கர்: மெட்ரோ வந்ததும் வாடகை ஏறும். இப்போதே ஏற்றிச் சொல்லலாமா?

சொல்லலாம், யாரும் தர மாட்டார்கள். மாதவரம் முதல் சிறுசேரி சிப்காட் வரையான மூன்றாவது வழித்தடம் நம்ம பக்கத்தில் ஓஎம்ஆர் மேலேயே பாலமாகப் போகிறது. மாதவரத்திலிருந்து வரும் ஐந்தாவது வழித்தடம் சோழிங்கநல்லூரில் முடிகிறது. ஸ்டேஷன் எங்கே என்பதை விட அதன் படி உங்கள் பக்கம் இறங்குகிறதா, எதிர்ப்பக்கமா என்பதுதான் காசு. நாவலூர் டோல் 2023 அக்டோபரில் எடுக்கப்பட்டபோதும் "இனி பாரு" என்றார்கள். வண்டிகள் நிற்காமல் போயின, அவ்வளவுதான்.

காரப்பாக்கம், மென்பொருள் ஊழியர்: எஸ்இஇசட் (சிறப்புப் பொருளாதார மண்டலம்) கேம்பஸுக்குள்ளேயே வெளி ஆட்களுக்கும் கடை போட முடியுமா?

கம்பெனிகள் இயங்கும், வேலி போட்ட செயலாக்கப் பகுதிக்குள் முடியாது. அதனால்தான் கேட்டுக்கு வெளியே இருப்பவருக்கு மவுசு.

கேளம்பாக்கம், முதலீட்டாளர்: கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டால் என்ன?

பணம் சீக்கிரம் வரும். ஆனால் வாங்கிய இருபது பேரில் ஏழு பேர் மொபைல் கவர் விற்பார்கள், நாலு பேர் பூட்டியே வைப்பார்கள், யாரையும் நீங்கள் கேட்க முடியாது. விற்பதானால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவையும் மறக்காதீர்கள், வணிகக் கட்டடத்துக்கும் உண்டு. என்னைக் கேட்டால் தரைத்தளத்தை விற்காதீர்கள்.

நாவலூர், மெஸ் தொடங்க இருப்பவர்: அண்ணா, கேம்பஸ் எதிரே 400 சதுர அடி கடை பேசியிருக்கிறேன். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

தங்கச்சி, அந்த 400 சுவருக்குள் இருக்கும் 400-ஆ என்று முதலில் கேளுங்கள். படிக்கட்டு, வராண்டா எல்லாம் சேர்த்துச் சொல்வது வழக்கம். உள்ளே டேப் பிடித்தால் 280 தேறலாம். பத்து மாத அட்வான்ஸ் நம்ம ஊர்ப் பழக்கம், ஆறுக்குப் பேசிப் பாருங்கள். வாடகை மேலே ஜிஎஸ்டி 18 சதவீதம் வருமா என்பதையும் எழுதி வாங்குங்கள். நீங்கள் 5 சதவீத உணவக வரியில் பில் போட்டால் வாடகையில் கட்டிய அந்த 18-ஐ உங்கள் வரியில் கழித்துத் திரும்ப எடுக்க முடியாது, அது முழுக்கச் செலவு. மெயின்டனன்ஸ் தனியா, தண்ணீர் லாரிக்காசு யாருடையது, இதையும். நம்ம பக்கம் கோடையில் லாரிக்காசே இரண்டாவது வாடகை.

ராத்திரி ஷிப்டுக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்க அரசாணை இருக்கிறது. உங்களிடம் அத்தனை பேர் இல்லாவிட்டால் நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிற பெண்களுக்கு நாற்காலி போட மறக்க வேண்டாம், 2021 முதல் அது சட்டம்.

சோழிங்கநல்லூர், கேப் டிரைவர்: சார், நாங்கள் கேட்டுக்கு வெளியே ராத்திரி மூன்று மணி நேரம் நிற்கிறோம். டீ இல்லை, பாத்ரூம் இல்லை. எங்களை எந்த பிளானிலாவது கணக்கில் எடுக்கிறார்களா?

நியாயமான கேள்வி. நான் பார்த்த பிளான்களில் ஒன்றிலும் இல்லை. இத்தனைக்கும் ராத்திரி பதினொன்று முதல் மூன்று வரை அந்த வாசலில் கையில் காசோடு நிற்பவர்கள் நீங்களும் செக்யூரிட்டிகளும்தான். ஒரு டீ, இரண்டு பரோட்டா, ஒரு ரீசார்ஜ், தினமும், சனி ஞாயிறு உட்பட. பத்து வண்டி ஒதுங்க இடம், வெளியிலிருந்தே போகிற மாதிரி இரண்டு கழிப்பறை, முகம் கழுவ ஒரு குழாய், பக்கத்தில் விடிய விடிய ஒரு கடை. படூர்க்காரரே, உங்கள் ஸ்கெட்சில் பின்பக்கம் "நீரூற்று" என்று எழுதியிருக்கிறதே, அந்த இடம் போதும்.