கால் பிரண்டா உடனே உருவி விடலாமா? மைதானக் காயங்கள்: கேள்வி பதில்

முதல்ல ஒண்ணு. டாக்டர்னு கூப்பிடாதீங்க, நான் பிசியோ. கபடி, வாலிபால் பசங்களோட மைதான ஓரத்துல உட்கார்ந்தே பாதி வாழ்க்கை போயிடுச்சு. கேட்டவரைக்கும் பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, நேத்து பிளாக்குக்கு எகிறி இறங்கும்போது அடுத்தவன் காலை மிதிச்சு கரண்டை பிரண்டுடுச்சு. நல்ல வீக்கம். எங்க அம்மா எண்ணெய் போட்டு உருவி விடற தாத்தாகிட்ட போகலாம்ங்கறாங்க. எக்ஸ்ரே எடுக்கணுமா?

தம்பி, தாத்தா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா முதல் ரெண்டு மூணு நாள் அந்தப் பக்கம் போகாத. உள்ளே நரம்பு பிசகலை. எலும்புகளைச் சேர்த்துக் கட்டற லிகமென்ட் நார் கிழிஞ்சு, கூடவே சின்ன ரத்தக்குழாய்களும் அறுந்திருக்கும். அதைப் போட்டு அழுத்தித் தேய்ச்சா ரத்தக் கசிவும் வீக்கமும் கூடத்தான் செய்யும்.

எக்ஸ்ரேக்கு கனடாவுல ஒட்டாவா டாக்டர்கள் 1992-ல சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு. கரண்டை மொட்டு ரெண்டு பக்கமும் இருக்குல்ல, அதோட பின்விளிம்பை நுனியில இருந்து மேலே 6 செ.மீ. வரைக்கும் விரலால அழுத்திப் பாரு. அடுத்து, பாதத்தோட வெளி ஓரத்துல நடுவுல துருத்திக்கிட்டு இருக்கிற எலும்பு. அப்புறம் உள்பக்கம், கரண்டைக்குச் சற்று முன்னால மேடா இருக்கிற எலும்பு. இதுல எங்கயாவது எலும்பைத் தொட்டா உயிர் போகுதா? அடிபட்டப்பவும் இப்பவும் நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடியலையா? ஒண்ணுக்கு ஆமான்னாலும் எக்ஸ்ரே எடு. எதுவுமே இல்லைன்னா எலும்பு முறிஞ்சிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி.

இப்போதைக்கு விரல் பக்கத்துல இருந்து மேல்நோக்கி க்ரேப் பேண்டேஜ் சுத்தி, ரெண்டு தலகாணி மேல காலைத் தூக்கி வை. ஐஸைத் துணியில சுத்தி 15 நிமிஷம் வைக்கலாம். அது வலிக்குத்தான், காயத்தை ஆத்தறதுக்கு இல்ல. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல்ங்கற சூத்திரத்தை 1978-ல பிரபலமாக்கின அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே பின்னாடி ஐஸ் விஷயத்துல மனசை மாத்திக்கிட்டார். மூணாம் நாள் வலி விடற அளவுக்குக் கால் கட்டை விரலால காத்துல அ, ஆ எழுத ஆரம்பி. நல்லா நிக்க முடிஞ்சதும், பல் தேய்க்கிற நேரம் முழுக்க அந்தக் கால்ல மட்டும் நில்லு. இதை விட்டவங்கதான் மறுபடி மறுபடி பிரட்டிக்கிட்டு வர்றாங்க.

கேள்வி: ரைடு போய்த் திரும்பும்போது முட்டியில 'டப்'புனு சத்தம். ரெண்டு மணி நேரத்துல பந்து மாதிரி வீங்கிடுச்சு. மூணு வாரம் ஆச்சு, இப்ப வலியே இல்ல. திருவிழா டோர்னமென்ட்ல இறங்கலாமா?

இறங்காத.

சத்தமும் உடனே வந்த வீக்கமும் சேர்ந்தா மூட்டுக்குள்ள ரத்தம் கட்டியிருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் முட்டிக்குள்ள எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஏ.சி.எல். நார் போயிருக்கும். வலி போனது நார் ஒட்டிக்கிட்டதால இல்ல. போன வருஷம் ஒரு பையன் இப்படித்தான் "சரியாயிடுச்சுண்ணே"ன்னு வந்தான். மாடிப்படி இறங்கச் சொன்னேன். ஒவ்வொரு படிக்கும் கை சுவத்தைத் தேடுச்சு, அது அவனுக்கே தெரியல. இந்த நிலையில ஆடி முட்டி ஒருதடவை மடங்கினா உள்ளே இருக்கிற மெனிஸ்கஸ் ஜவ்வும் சேர்ந்து கிழியும். எலும்பு டாக்டரைப் பாரு, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆனா சட்டுனு வெட்டித் திரும்பற கபடிக்குப் பெரும்பாலும் அதைத்தான் சொல்வாங்க. பண்ணினா குறைஞ்சது 9 மாசம். அதுக்கு முன்னாடி இறங்கினவங்களுக்குத் திரும்பக் கிழியறது அதிகம். மாசக் கணக்கு மட்டும் போதாது, தொடை பலம் நல்ல காலோட பலத்துல 90 சதவீதமாவது வந்திருக்கணும்.

கேள்வி: சார், என் பொண்ணுக்கு 14 வயசு, 1500 மீட்டர் ஓடறா. முட்டிக்குக் கீழ, காலோட முன்பக்க எலும்புல வலிங்கறா.

அம்மா, எலும்பு ஓரமா விரலை ஓட்டிப் பாருங்க. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலா வலிச்சா ஓட்டத்தைக் குறைச்சு, தேஞ்ச ஷூவை மாத்தினாலே பெரும்பாலும் அடங்கிடும். ஒரே புள்ளியில, காசு அளவு இடத்துல சுருக்குனு வலிச்சாலோ ராத்திரி படுத்தாலும் வலிச்சாலோ எலும்புல கீறல் விட்டிருக்கலாம். ஓட்டத்தை அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. கேட்கத் தயங்கற விஷயம், ஆனா கேளுங்க: மாதவிலக்கு ஒழுங்கா வருதா, காலையில சாப்பிட்டுட்டுத்தான் ஓடறாளா? ஓடற அளவுக்குச் சாப்பாடு இல்லைன்னா விலக்கு நிக்கும், எலும்பும் பலம் இழக்கும்.

கேள்வி: ஆட்டத்துக்கு முன்னாடி ஸ்ட்ரெச்சிங் எவ்வளவு நேரம்?

நின்ன இடத்துல இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுல காயம் பெருசா குறையாது. மெதுவா ஓடி, குதிச்சு, திரும்பி உடம்பைச் சூடாக்குங்க. ஃபிஃபாவோட '11+' 20 நிமிஷ வார்ம் அப் இலவசமாவே கிடைக்குது.

கேள்வி: மே மாசம் பிராக்டிஸ்ல ஒரு பையன் உளறிக்கிட்டே விழுந்தான். ஆட்டோ தேடி ஓடினோம். சரிதானா?

108-க்கு ஒருத்தர் போன் போடட்டும், மீதிப்பேர் அவனைக் குளிர வைங்க. வெயில்ல உளர்றான்னா உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம், ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்குக் கேடு. தண்ணித் தொட்டி இருந்தா தலை வெளியே இருக்கிற மாதிரிப் பிடிச்சுக் கழுத்து வரைக்கும் இறக்குங்க, ஐஸ் கிடைச்சா அதுலயே கொட்டுங்க. தொட்டி இல்லையா, மோட்டாரைப் போட்டு ஹோஸ்ல நனைச்சுக்கிட்டே விசிறுங்க. நினைவில்லாதவன் வாயில மட்டும் தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும்.

கேள்வி: பந்து பட்டு விரல் நுனி தொங்குது, வலி அவ்வளவா இல்ல. விட்டுடலாமா?

விடாதீங்க. நிமித்தற நார் அறுந்திருக்கு. எக்ஸ்ரே எடுத்துட்டு, நுனி மூட்டு நேரா இருக்கிற மாதிரி ஸ்பிளின்ட் (அசையாமப் பிடிக்கிற பட்டை) போட்டு 6 முதல் 8 வாரம். குளிக்கிறப்போ கழட்டினாலும் விரலை மேசை மேல வெச்சே கழட்டுங்க. நடுவுல ஒருதடவை மடங்கினாலும் திரும்ப முதல் நாள்ல இருந்து எண்ணணும்.