சர்வோ வாங்கும்போது: டார்க் எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: என் ரிமோட் விமானம் 1.2 மீட்டர் இறக்கை கொண்ட ஃபோம் 3டி (வித்தை காட்டும்) மாடல், எடை சுமார் 1.2 கிலோ. பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பகுதி) 5 வோல்ட் தருகிறது. ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு சர்வோக்கள் (இறக்கை, வால் மடல்களைத் திருப்பும் சிறு மோட்டார்கள்) கிடைக்கின்றன. ஒன்றில் டார்க் (திருப்பு விசை) 4.5 கிலோ-செ.மீ., 60 டிகிரி திரும்ப 0.16 விநாடி. மற்றதில் 2.5 கிலோ-செ.மீ., 0.08 விநாடி. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். ஆனால் அதற்கு முன், அந்த எண்கள் எத்தனை வோல்ட்டில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். 4.5 கிலோ என்பது 7.4 வோல்ட்டுக்கான கணக்காக இருந்தால், உங்கள் 5 வோல்ட்டில் அது 3 கிலோவுக்கு இறங்கிவிடும். 60 டிகிரி திரும்ப எடுக்கும் நேரமும் 0.2 விநாடியைத் தாண்டும். மூக்கைத் தூக்கி ஒரே இடத்தில் நிறுத்தும் ஹோவரில் அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். நீங்கள் திருத்தம் கொடுப்பதற்குள் விமானம் மறுபக்கம் சாய்ந்திருக்கும்.

டார்க் என்பது அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் கிடைக்கும் விசை. 3டி-க்காக 2.5 செ.மீ. ஆர்ம் (சர்வோ அச்சில் மாட்டும் கை) போட்டால், 2.5 கிலோ-செ.மீ. சர்வோ புஷ்ராடை (ஆர்மை மடலோடு இணைக்கும் கம்பி) தள்ளுவது 1 கிலோ விசையில்தான். கூடவே, கியரில் உள்ள ஆட்டமும் ஆர்ம் நீளத்துக்கு ஏற்பப் பெருகும். அதனால் தேவைக்கு மேல் நீளமான ஆர்ம் வேண்டாம்.

சர்வோ கைக்கு வந்ததும், மாட்டுவதற்கு முன்பே ஒன்றைச் செய்து பாருங்கள். ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளி மெதுவாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு முறையும் ஆர்ம் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். நிற்காத சர்வோவை எலிவேட்டரில் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) போட்டால் ஒவ்வொரு லூப்புக்குப் பிறகும் ட்ரிம் (நேராகப் பறக்க வைக்கும் நுண்திருத்தம்) மாறியதுபோல் இருக்கும். டிரான்ஸ்மிட்டரில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது சரியாகாது.

பி.இ.சி.யையும் கவனியுங்கள். நான்கு டிஜிட்டல் சர்வோக்கள் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் திரும்பும்போது மின்னோட்டம் சட்டென்று ஏறும். 2 ஆம்பியர் பி.இ.சி. அதைத் தாங்காது. வோல்ட் சரிந்து ரிசீவர் அணைந்து எழுந்தால், அந்த ஓரிரு விநாடியில் கட்டுப்பாடே இருக்காது. 5 ஆம்பியர் ஸ்விட்சிங் பி.இ.சி. போடுங்கள். சர்வோ 6 வோல்ட் தாங்கும் என்றால் அந்த பி.இ.சி.யையே 6 வோல்ட்டில் வைக்கலாம், வேகமும் கூடும். ரிசீவர், சர்வோ இரண்டின் வோல்ட் வரம்பையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது டிஜிட்டல் சர்வோ சும்மா இருக்கும்போதே நடுங்குகிறது. "டிஜிட்டல் என்றால் அப்படித்தான்" என்கிறார் விற்றவர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. சுமை இருக்கும்போது மெல்லிய இரைச்சல் வருவது இயல்பு. புஷ்ராடைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஹிஞ்ச் (மடலின் கீல்) அல்லது புஷ்ராட் எங்கோ இறுக்குகிறது, சர்வோமேல் குற்றமில்லை. வெறும் ஆர்மும் முன்னும் பின்னும் துடித்தால் ரிசீவரில் வேறு சேனலில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் துடித்தால் பழுது சர்வோவில்தான், திருப்பிக் கொடுங்கள். அதுவரை ஒயரை வெட்டாதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள், ஆர்ம் துடிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஃபுட்டாபா சர்வோவின் உலோக ஆர்மை ஹைடெக் சர்வோவில் போடலாமா?

பதில்: சர்வோ அச்சில் உள்ள பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும். ஃபுட்டாபா ஸ்டாண்டர்டு சர்வோவில் 25 பல். ஹைடெக்கின் பல மாடல்களில் 24. அழுத்தினால் உட்கார்ந்ததுபோலவே தெரியும். பறக்கும்போது வழுக்கும்.