குறைந்த செலவில் அமைத்த கேமிங் கணினியில் முதலில் எந்தப் பாகத்தை மாற்றலாம்?

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும், அது கிராபிக்ஸ் கார்டா, பிராசசரா, ராமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை நானும் கேட்டேன். கிடைத்த முதல் பதிலை அப்படியே நம்பி, ஓராண்டுச் சேமிப்பைத் தவறான வரிசையில் செலவழித்தேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கணினியும் என்னுடையதைப் போலத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்: நான்கு கோர் பிராசசர், ஒற்றை 8 ஜிபி ராம், 4 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, விண்டோஸும் விளையாட்டுகளும் சேர்ந்து கிடக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க். திறந்த உலக விளையாட்டு ஒன்றில் காரை வேகமாக ஓட்டித் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் திரை அரை நொடி உறைந்து நிற்கும். சராசரியாக நொடிக்கு 48 ஃபிரேம் (திரையில் மாறும் படங்கள்) வந்தது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை; அந்த உறைதலைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொன்னார்கள். விளையாடும்போது ராம் எவ்வளவு நிரம்புகிறது என்று ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன். என் பழைய கார்டு, மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடியது. புதியதற்குத் தனியாக 8 பின் மின் இணைப்பு தேவைப்பட்டது, என் பவர் சப்ளையில் அது இல்லை. ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பிலிருந்து 8 பின்னாக மாற்றித் தரும் ஒயரைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்கள் சேர்ந்து 54 வாட் தாங்கத்தான் வடிவமைக்கப்பட்டவை. 8 பின் இணைப்பின் வழியாகவோ 150 வாட் வரை போகலாம். ஒயர் சூடேறி உருக அது போதும். எனவே பவர் சப்ளையையும் சேர்த்து வாங்க நேர்ந்தது.

கார்டை மாட்டிய இரவில் சராசரி 70 ஃபிரேமைத் தாண்டியது. அதே தெருமுனைக்குப் போய்த் திரும்பினேன். திரை அதே அரை நொடி உறைந்தது. பக்கத்தில் ஆசையோடு உட்கார்ந்திருந்த தம்பி எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான்.

மறுநாள்தான், எந்தப் பாகம் எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடிப் பார்த்தேன். ராம் கிட்டத்தட்ட முழுதாக நிரம்பியிருந்தது, ஹார்ட் டிஸ்கோ 100 விழுக்காட்டில் நின்றது. ராமில் இடம் போதாதபோது விண்டோஸ் அதில் உள்ளவற்றில் ஒரு பகுதியை டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. சுழலும் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 எம்பி போலத் தந்தாலும், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைத் தேடிப் படிக்கும்போது ஒன்றிரண்டு எம்பிக்கு இறங்கிவிடும். புதிய தெருவின் கட்டடங்களும் அதே டிஸ்கிலிருந்துதான் வந்தாக வேண்டும். அவை வந்து சேரும்வரை எந்தக் கிராபிக்ஸ் கார்டும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொரு 8 ஜிபி ராமும் சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்கான சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கி, விண்டோஸையும் அந்த விளையாட்டையும் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். உறைதல் நின்றது. இரண்டும் சேர்ந்து கார்டுக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான் ஆனது. அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது: பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் மேல் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு, அணைந்திருந்ததால், 3200 என்று அச்சிட்ட ராம் அத்தனை நாளும் 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒற்றை ராம் ஒரு சேனலில், அதாவது பிராசசருக்குப் போகும் ஒரே பாதையில்தான் ஓடும்; உரிய ஸ்லாட்டுகளில் இரண்டு மாட்டினால் இரு சேனலில் ஓடும். டிடிஆர்4 3200 ராம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரு சேனலில் 51.2 ஜிபி. கணினியைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஒற்றை ராம் மாட்டியதையும் சொல்லவில்லை, ஒரு நிமிடத்தில் முடியும் அந்த பயாஸ் அமைப்பையும் செய்து தரவில்லை. விவரம் தெரியாமல் வருகிறவரிடம் இப்படி நடந்துகொள்வது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு ஒரு மாலையில் பழைய 1650ஐ மீண்டும் மாட்டிப் பார்த்தேன். டெக்ஸ்சர் தரத்தை நடுத்தரத்துக்கு இறக்கியதும், எங்கும் உறையாமல் 50 ஃபிரேமுக்கு மேல் சீராக ஓடியது. என் திரை 60 ஹெர்ட்ஸ்தான், நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் அதில் காட்ட முடியாது. முதலில் ராமும் எஸ்எஸ்டியும் வாங்கியிருந்தால், கார்டுக்கான பணத்தை இன்னும் ஓரிரு ஆண்டுகள் தொடாமல் வைத்திருக்கலாம்.

பெரும்பாலான விளையாட்டுகளில் ஃபிரேம் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டுதான் என்று யாராவது கீழே எழுதக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. எல்லோரும் ராம்தான் வாங்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. உங்களிடம் ஏற்கனவே 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால், என் கதை உங்களுக்குப் பொருந்தாது. அப்போது வி-சிங்கையும் (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் அமைப்பு) ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, ஒரே இடத்தில் படத்தின் தெளிவை 1080பியிலும் அதைவிடக் குறைந்த 720பியிலும் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். 720பியில் ஃபிரேம் நன்றாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. ஏறக்குறைய அதே எண்ணில் நின்றால், கார்டு வேலையின்றி இருக்கிறது, பிராசசரோ ராமோ பின்தங்குகிறது என்று பொருள். பிராசசரின் மொத்தப் பயன்பாடு 50 விழுக்காடு என்று காட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்; விளையாட்டின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில் குவிவதுண்டு என்பதால், ஒவ்வொரு கோரின் வரைபடத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பிராசசரை மாற்றுவதாக இருந்தால், சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்) பொருந்தினால் போதும் என்று நினைக்காமல், உங்கள் மதர்போர்டு ஏற்கும் பிராசசர்களின் பட்டியலையும் அதற்குத் தேவையான பயாஸ் பதிப்பையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலை உங்களுக்குத் தொல்லை தரும் விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, ராம் எவ்வளவு நிரம்புகிறது, கார்டின் பயன்பாடும் அதன் நினைவகமும் எவ்வளவில் நிற்கின்றன, உறையும் கணத்தில் டிஸ்க் என்ன காட்டுகிறது என்பதைக் குறித்து, கேள்வியோடு சேர்த்து எழுதுங்கள். பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் விவரத்தையும் சேர்த்தால், எதை முதலில் வாங்கலாம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.